பக்கத்து வீட்டுப் புகார்

"மறுபடியும் உங்க மெஷின் கத்துது."

கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை இது. நலம் விசாரிப்பெல்லாம் அவருக்கு வராது.

"பெல்ட் நழுவிடுச்சுங்க. சரி பண்ணிட்டேன்," என்றாள் அவள், கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி.

"இறுக்கிக் கட்டக் கூடாதா?"

"இறுக்கினா பிள்ளைக்குத் தோல் சிவந்து போகுதுங்க."

குழந்தை சிணுங்கி அழுதது. பெரியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. தூக்கத்தில் திடீரென்று மூச்சு நின்று, இதயத் துடிப்பு குறைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மெஷினோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். மார்பைச் சுற்றி மெல்லிய பெல்ட், அதிலிருந்து ஒரு ஒயர். துடிப்பு குறைந்தால் தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அலறும். பெல்ட் நழுவினாலும் அதே அலறல். பாதி நாள் 'புலி வருது' கதைதான்.

புருஷன் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும் குழந்தையும் மட்டும். மெஷின் கத்தவேண்டியதுதான் தாமதம், பெரியவர் வாசலில் நிற்பார்.

"புகார்ப்பெட்டி இன்னைக்கு வந்துச்சா?" என்பான் புருஷன், சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே.

"வராம? ஒரு தடவையாவது 'குழந்தை எப்படி இருக்கு'ன்னு கேட்கணுமே. கல்லுலகூட நார் உரிச்சிடலாம், அந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வராது."

ஒரு மத்தியானம், பெல்ட் நழுவாமலே மெஷின் அலறியது.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஓடிப் போய்ப் பார்த்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. நர்ஸ் சொல்லிக் கொடுத்தபடி உள்ளங்காலைச் சுண்டினாள். முதுகைத் தேய்த்தாள். "அம்மாவைப் பாருடி கண்ணு, பாருடி..."

ஒரு விக்கலோடு குழந்தை மூச்சை இழுத்தது.

அதற்குள் கதவு இடிபட்டது. குழந்தையை மார்போடு அணைத்தபடியே போய்த் திறந்தாள்.

"சத்தம்..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"பிள்ளை செத்துப் பொழைச்சிருக்கு. உங்களுக்குச் சத்தம்தான் பெரிசாப் போச்சா?"

அவர் நகரவில்லை. குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் படியிறங்கினார்.

"அழுறதையும் குத்தம் சொல்லத்தான் நின்னிருப்பாரு," என்று போனில் புருஷனிடம் பொருமினாள். அவன் ஓடிவந்து, இருவரும் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். பயமில்லை என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

மாதங்கள் ஓடின. குழந்தை குப்புற விழுந்தது. எச்சில் வழியச் சிரித்தது. மெஷின் கத்துவதே அபூர்வமாகிவிட்டது. "இனிமே இது தேவையில்ல," என்றார் டாக்டர். ஒரு விடுமுறை நாள் காலையில் ஆஸ்பத்திரி ஆள் வந்து மெஷினை எடுத்துக்கொண்டு போனார்.

வீடே லேசாகிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"புகார்ப்பெட்டிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு. பாவம், இனிமேலாவது நிம்மதியா இருக்கட்டும்," என்று சிரித்தான் புருஷன்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பெரியவர் வாசல் நாற்காலியில் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார்.

"ஐயா, மெஷினைத் திருப்பிக் கொடுத்தாச்சு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

பேப்பர் அசையவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். அப்போதும் தலை நிமிரவில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்ல சேதி சொல்ல வந்தா முகம் குடுத்துக்கூடப் பேச மாட்டீங்களா?"

ஈரக்கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி சிரித்தார். "சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லம்மா. அவருக்குக் காது சுத்தமா கேக்காது. அச்சாபீஸ் மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு போயிடுச்சு."

"கேக்காதா? எங்க மெஷின் கத்தினா உடனே வந்து நிப்பாரே?"

"காதுல மாட்டுற மெஷின் ஒண்ணு எங்க பசங்க வாங்கிக் குடுத்தாங்க. தலை வலிக்குதுன்னு தொடவே மாட்டாரு. நான் கரடியா கத்தினாலும் மாட்டினதில்ல." குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டார். "பிள்ளைக்கு மூச்சு இருக்கான்னு எந்த வாயால கேக்குறது? அதான் சத்தத்தைச் சாக்கு வெச்சு வருவாரு, இவ அழுதா நிம்மதியா திரும்பிடுவாரு. பகல்ல நீ தனியா இருக்கியேன்னு, இவ வீட்டுக்கு வந்த அன்னைக்குக் காதுல மாட்டினவரு, இன்னைக்குக் காலையில உங்க மெஷினைக் கொண்டுபோறதைப் பார்த்துட்டுத்தாம்மா கழட்டி வெச்சாரு."