சண்டை ஓய்ந்த வீடு

இந்த மாற்றத்தை எப்போது கவனித்தீர்கள் என்று டாக்டர் கேட்டாள்.

ஐலிக்குப் பதில் தெரியும். அந்த நாளே நினைவிருக்கிறது. அன்றைக்கு யோகா வகுப்பில் எல்லாரும் அவளுக்குக் கைதட்டினார்கள்.

அதை எந்த வாயால் சொல்வது?

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் ரெய்னோ, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் வெறும் காலுறையோடு தெருவில் நின்றுகொண்டு, தன் வீடு எது என்று எதிர்வீட்டுக்காரியிடம் விசாரித்திருக்கிறார். அதன் பிறகுதான் இந்த மருத்துவமனை, இந்தப் பரிசோதனை எல்லாம்.

கனடாவின் தண்டர் பே ஊரில் சண்டைக்குப் பேர்போன ஜோடி அவர்கள். ஈரக் கையுறையை ஹீட்டர் மேல் போட்டதற்கு ஒரு சண்டை. சௌனா என்கிற நீராவிக் குளியல் அறையில் சுடுகல் மேல் தண்ணீரை அள்ளிக் கொட்டியதற்கு ஒரு சண்டை. ரொட்டியில் ஏலக்காய் குறைந்துபோனால் அன்று சாயங்காலம்வரை சண்டை.

சொன்னால் சிரிப்பீர்கள், சண்டை முடிந்ததும் இரண்டு பேருக்கும் நல்ல பசி எடுக்கும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, யார் ஜெயித்தது என்று அடுத்ததை ஆரம்பிப்பார்கள்.

முட்டிவலிக்காகத்தான் ஐலி யோகாவுக்குப் போனாள். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற மெரடித் நல்ல பெண். கற்றுக்கொண்டதைப் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்பாள்.

ஐலி கொண்டுபோனாள்.

ரெய்னோவுக்கு ஒரே கேலி. "சர்ச்சுக்கு அடியில போய்ப் படுத்துட்டு வர்றதுக்கா காசு குடுக்குற? இங்க படு கிழவி, நான் சும்மாவே விடுறேன்."

முன்பென்றால் கரண்டி பறந்திருக்கும். ஐலி கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மெதுவாக விட்டு, சிரித்தாள்.

அவர் விடவில்லை. அவள் வைத்த மீன் சூப்பை அவளுடைய அக்கா வைக்கும் சூப்போடு ஒப்பிட்டார். அவள் அம்மாவையும் வம்புக்கு இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஐலி ஒரு மூச்சு விட்டாள். பந்தை எறிந்துவிட்டு, திருப்பி எறிய ஆளில்லாமல் நிற்கிற பையனைப்போல அவர் அடுக்களை வாசலில் நிற்பார்.

ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏன் கிழவி, என்மேல இருந்த அக்கறையெல்லாம் விட்டுப்போச்சா?"

பற்று வேறு, அன்பு வேறு என்று அவள் விளக்கினாள். மெரடித் சொன்னதை ஒரு சொல் பிசகாமல்.

அதற்கப்புறம் அவர் வம்புக்கு வருவது குறைந்தது.

நேரம் போவது தெரியாமல், ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஐலி அந்த அமைதியைக் கலைக்காமல் நுனிக்காலில் நடந்தாள். அவள் கைதவறி உப்புப் போட்டுவிட்ட காபியை ஒன்றும் சொல்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். வந்ததை ஏற்றுக்கொள்கிற பக்குவம் என்று அவள் உள்ளுக்குள் பூரித்தாள்.

ரெய்னோவுக்குத் தன் தம்பி டோய்வோவோடு ஒரு படகு விஷயமாகப் பல வருடப் பகை. ஒரு காலையில் அவர் தானாகவே போன் செய்து, மீன்பிடிக்க வருகிறாயா என்று நேற்றுப் பேசியவர்போலக் கேட்டார். மறுமுனையில் டோய்வோ அழுதுவிட்டான். ஐலியும் அழுதாள். மன்னிப்பு என்றால் இதுவல்லவா?

பிறகு, அந்தப் பச்சை விளக்கு.

சிக்னலில் விளக்கு மாறியும் ரெய்னோ வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். முன்பென்றால் கண்ணாடியை இறக்கி நாலு வார்த்தை கேட்டிருப்பார். அன்றைக்கு ஸ்டியரிங்கில் கைவைத்தபடி, குழந்தை மாதிரி விளக்கையே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு முடிந்து வட்டமாக உட்கார்ந்தபோது ஐலி அதைச் சொன்னாள். நான் மாறினேன், அவரும் மாறிவிட்டார், ஒரு பாய்கூட விரிக்காமல் என்றாள். மெரடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

டாக்டர் இன்னும் காத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருஷம் இருக்கும்," என்றாள் ஐலி. "நல்லது நடக்குதுன்னு நெனச்சேன்."

தட்டச்சு செய்துகொண்டிருந்த டாக்டரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. நாற்காலியை ரெய்னோவின் பக்கம் திருப்பி, அருகில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவரிடம் கேட்டாள்.

ரெய்னோ திரும்பி ஐலியை நிதானமாகப் பார்த்தார். ஐலி மூச்சுவிடவில்லை.

"இவங்களா? தங்கமானவங்க," என்றார். "கோவமே வராது."

பிறகு, அந்த அம்மா காதில் விழுந்துவிடக் கூடாதே என்பதுபோல டாக்டர் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் பொண்டாட்டிதான் எங்க போனான்னு தெரியல. நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டேன் போல, டாக்டர். இத்தனை நாள் என்னைத் திட்டாம அவ இருந்ததே இல்ல."