பின்வாங்காத வம்சம்

ஊசி தொட்டதும் அது பின்வாங்கியது.

இசோகாய் அடுத்ததைத் தொட்டார். அதுவும் பின்வாங்கியது.

நீரில் நீந்தும் ஒற்றைச் செல் உயிரான எந்தப் பராமீசியமும் அப்படித்தான் செய்யும். இவை செய்யக் கூடாது. ஒற்றைச் செல்லிலிருந்து மூன்று ஆண்டுகளாக இசோகாய் பெருக்கிய இந்த வம்சம், கண்ணாடி ஊசியை முட்டிக்கொண்டே முன்னேறி, சவ்வு கிழிந்து, உள்ளிருப்பது கொட்டிச் சாகும். மறுநாள் கனாசவா மாநாட்டில் அதை அறிவித்துவிட்டால் துறையின் நிரந்தரப் பணி அவருக்கு.

பேராசிரியர் நுமாதா ஊசியைப் பிடுங்கித் தாமே குத்தினார். பதினொன்று வெடித்தன. பதினொன்றும் வெடிப்பதற்கு முன் விலகப் பார்த்தன.

கண்ணாடித் தட்டு பறந்து வந்து இசோகாயின் புருவத்தைப் பிளந்தது.

"இதுக்குப் பயமே தெரியாதுன்னு டோக்கியோ வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப எங்கேர்ந்து வந்துச்சு? உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சாடா?"

ஜாடியை மாற்றவில்லை என்று இசோகாய் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியர் அவருடைய பிடரியைப் பற்றி, முகத்தை நுண்ணோக்கியின் மீது மோதினார். மறுபடியும் மோதினார். பல் ஒன்று மேசையில் விழுந்தது.

அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன், காரணத்தையும் சொன்னேன்.

மற்ற ஜாடிகளுக்கு வைக்கோலை வேகவைத்த கஷாயம். இவற்றுக்கு மட்டும், சுத்தம் கருதி, இசோகாய் தொடக்கம் முதலே ஈஸ்ட் சாறு கொடுத்துவந்தார். வைக்கோலில் உள்ள ஸ்டெரால் என்னும் கொழுப்பு ஒரு வகை. ஈஸ்ட்டில் உள்ளது வேறு வகை. வைக்கோலின் கொழுப்புச் சேராத சவ்வில், தொட்டதும் எழ வேண்டிய மின்துடிப்பு எழுவதில்லை. பத்து நாட்களாக இந்த ஜாடியிலும் வைக்கோல் கஷாயம்தான் இருந்திருக்கிறது. மூன்று ஆண்டுகளாக நாங்கள் துணிச்சல் என்று எழுதிவைத்தது ஊட்டக்குறைவு.

பேராசிரியர் கையை உதறிக்கொண்டார். தொலைபேசியை எடுத்து, உரையை விலக்கிக்கொள்வதாகக் கனாசவாவுக்கு மிகப் பணிவான குரலில் தெரிவித்தார். எதிரே யாரும் இல்லாதபோதும் இருமுறை குனிந்து வணங்கினார். பிறகு வெளியேறினார்.

இசோகாயின் புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"நீங்க இல்லேன்னா இன்னைக்கு என்னைக் கொன்னே போட்டிருப்பாருங்க."

தலை தாழ்த்தி நன்றியும் சொன்னார்.

ஜாடியில் கஷாயத்தை ஊற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை.

அந்த நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.