மூன்று நிமிடப் புகார்

"திஸ் பிளவுஸ் ஹேண்ட் வெரி டைட்," என்றாள் சாமுண்டீஸ்வரி, தையல் மேசைமீது ரவிக்கையை விரித்து. முகத்தை முடிந்தவரை கடுமையாக வைத்துக்கொண்டாள்.

தேக்கா சந்தை மாடியில் தையல்கடை வைத்திருக்கும் சாகுல் ஹமீது, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "டைட்?"

"வெரி டைட். ஐ ஆம் நாட் ஹேப்பி."

உண்மையில் அவள் மிகவும் ஹேப்பி. சிங்கப்பூர் வந்த இந்த எட்டு வருடத்தில் எந்த ரவிக்கையும் இப்படிப் பொருந்தியதில்லை. வெள்ளிக்கிழமை நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்கு அதைத்தான் போடப்போகிறாள். சிக்கல் ரவிக்கையில் இல்லை, ரோஷினி மிஸ்ஸிடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் ரோஷினி மிஸ்ஸுக்கு ஒரு கொள்கை உண்டு. வகுப்பில் பேசுவதெல்லாம் பேச்சே இல்லை. வெளியே போய், முன்பின் பேசியிராத ஒருவரிடம் பேச வேண்டும். பதறாமல் இருக்க, ஒரு சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொள்ளலாம். இந்த வார வேலை: ஒரு கடைக்காரரிடம் முழுதாக மூன்று நிமிடம் புகார் சொல்லி, கைப்பேசியில் பதிந்து வர வேண்டும். நடுவில் ஒரு தமிழ்ச் சொல் வந்தால் செல்லாது.

அதற்குமேல் வீட்டில் ஒரு பந்தயம். கணவர் சுரேந்தர் எங்கு போனாலும் அவளுக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். கிளினிக்கில் அவளுடைய வயிற்றுவலியைச் சொல்வதும் அவர்தான், அது எப்படி வலிக்கிறது என்பது உட்பட. இந்த ரவிக்கையைக்கூட அவர்தான் தைக்கக் கொடுத்தார், அவர்தான் வாங்கி வந்தார்.

"மூணு நிமிஷம் தமிழ் வராம பேசிடு," என்று மின்படிக்கட்டு ஏறும் முன் சொல்லியிருந்தார். "சனிக்கிழமை நம்ம பொண்ணு ரக்ஷனாவோட டீச்சரைப் பாக்க நீ தனியாவே போ. நான் ஸ்கூல் கேட் பக்கம்கூட வரமாட்டேன் லா."

"வராதீங்க. அதுதான் எனக்கு வேணும்."

"பாப்போம், பாப்போம்." அவர் கீழே டீக்கடையில் தே குடிக்கப் போய்விட்டார்.

கடைப் பலகையில் தமிழ், வானொலியில் தமிழ். இந்த மனிதர் 'என்னம்மா ஆச்சு' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், தன் வாய் தானாகத் தமிழுக்குத் தாவிவிடும் என்று அவள் பயந்தாள். நல்லவேளை, அவர் கேட்கவில்லை.

"வீ ஆர் வெரி சாரி, மேடம்," என்றார் நிதானமாக. பேசும்போதே டப்பாவிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். சொல்லி முடித்தபோது ஐந்து ஊசிகள் வரிசையாகக் கிடந்தன. தையற்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ரவிக்கையின் கையை அளந்தார். மறுபடியும் அளந்தார். அளவுநாடாவைச் சற்றே வருத்தத்துடன் பார்த்துவிட்டு, "மை மிஸ்டேக், மேடம். ஐ வில் மேக் லூஸ்," என்று கத்தரியை எடுத்துத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

தவற்றை ஒப்புக்கொள்ளும் தையற்காரரை அவள் எந்த நாட்டிலும் கண்டதில்லை. கைப்பேசியைப் பார்த்தாள். ஐம்பது வினாடிதான் ஆகியிருந்தது. அதற்குள் புகார் தீர்ந்துவிட்டது.

"நெக் ஆல்சோ நாட் குட்," என்றாள் அவசரமாக.

அவர் கழுத்தைப் பார்த்தார். "யூ ஆர் ரைட், மேடம்." கழுத்துப் பட்டியும் பிரிந்தது.

"ஹூக் நாட் ஸ்ட்ரெய்ட்."

கொக்கிகள் தேசிய தின அணிவகுப்பைப்போல் நேராக நின்றன. "யெஸ் மேடம், வெரி நாட் ஸ்ட்ரெய்ட்," என்று ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார்.

இரண்டரை நிமிடம். நிச்சயதார்த்தத்துக்கான ரவிக்கை இப்போது நான்கு துணித்துண்டுகளாகக் கிடந்தது. 'ஐயோ, போதும்' என்பது அவள் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. சனிக்கிழமை ரக்ஷனாவின் ஆசிரியை முன்னால் சுரேந்தர் பேசப் பேசத் தான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"எனி அதர் ப்ராப்ளம், மேடம்?" அவர் குரல் கிட்டத்தட்டக் கெஞ்சியது.

பிரிக்க இனி ஒன்றுமில்லை. "கலர்," என்றாள். "ஐ டோன்ட் லைக் த கலர்."

துணி அவளே கடையில் பார்த்து எடுத்தது. சாகுல் ஹமீது ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "சாரி ஃபார் த கலர், மேடம்."

மூன்று நிமிடம் முடிந்தது. பதிவை நிறுத்திவிட்டு, சாமுண்டீஸ்வரி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. பிளவுஸ்ல ஒரு குறையும் இல்ல. இங்கிலீஷ் கிளாஸ் ஹோம்வொர்க்குக்காகச் சொன்னேன். தப்பு உங்க மேல இல்லன்னு உங்களுக்கே தெரியும்ல? எதுத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே."

சாகுல் ஹமீது கத்தரியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எப்படிம்மா பேசுறது? எங்க வியாழக்கிழமை கிளாஸுக்கு ரோஷினி மிஸ் குடுத்தது மன்னிப்புக் கேக்குறது."