செங்கமலத்தின் புரூஃப்

கோபாலபுரத்தில் இருக்கும் எங்கள் பதிப்பகம், கடந்த நூறாண்டுகளின் பெண் எழுத்தாளர்களின் கதைகளைத் தொகுத்தது. டைப் செய்யும் ஷீலா, பழக்கதோஷத்தில் அந்த எழுத்தாளர்கள் எல்லோருக்கும் பிழைதிருத்தப் புரூஃப் அனுப்பிவிட்டாள். 1952இல் இறந்துபோன செங்கமலத்துக்கும் ஒன்று, பழைய மயிலாப்பூர் முகவரிக்குப் போயிருந்தது. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை.

செவ்வாயன்று புரூஃப் திருத்தங்களுடன் திரும்பி வந்தது. தொகுப்பாசிரியரான நான் கவனிக்காத இரண்டு ஒற்றுப்பிழைகள் சரிசெய்யப்பட்டிருந்தன. 'திருமணத்துக்குப் பிறகு இவர் எழுதவில்லை' என்ற என் குறிப்பு அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பச்சை மையில், 'எழுதினேன். வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்.'

"இன்னாக்கா பண்றது?" என்றாள் ஷீலா.

"புக்குல அவங்களுக்குப் பதினாறு பக்கம் காலியா விடு," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கூரியரிலிருந்து மெசேஜ் வந்தது. மயிலாப்பூரிலிருந்து பார்சல் கிளம்பிவிட்டதாம். எடை பதினோரு கிலோ.