வசனம் உண்டா?

படக் காப்பகத்தில் ஒரு படத்துக்கான படிவத்தை நிரப்ப அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். இன்று ஒரு மணி நேரமாகியும் பேனா நகரவில்லை.

மேலாளர் எப்போதும்போல நேர் எதிரே வந்து நின்றார். "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"நூறு வருஷத்துக்கு முந்தின ஐரோப்பியப் படம் சார். எட்டு நிமிஷச் சிரிப்புப் படம்."

"சிரிப்புப் படத்துக்கா இப்படி? எந்த இனத்துக்காரங்களுக்குப் படத்துல எவ்வளவு இடம்னு எண்ணி எழுதணும், அவ்வளவுதானே! வெள்ளைக்காரங்க எத்தனை பேர்?"

"பதினொண்ணு."

"கறுப்பா யாராவது?"

"ஒரே ஒரு வேலைக்காரி. நம்ம ஆளுங்க முகம். சமையலறையில தீப்பிடிக்கிற காட்சி. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால நின்னு கத்துறா. மத்தவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க."

"வசனம் இல்லைன்னு போட்டு முடி. மௌனப் படம்தானே."

"இருக்கு சார். நம்ம பாஷையில பேசுறா."

"சத்தமே இல்லாத படத்துல உனக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

"ஆறு வயசுல காய்ச்சல்ல காது போனதிலேருந்து எனக்கு எதுதான் சார் கேட்டுச்சு? நீங்க பேசுறதையே உதட்டைப் பார்த்துத்தானே புரிஞ்சுக்கிறேன். அவளையும் அப்படித்தான்."

மேலாளர் மெல்ல உட்கார்ந்தார். "என்ன சொல்றா?"

அவள் வசனக் கட்டத்தில் எழுதினாள்: 'ஐயா, இது நடிப்பு இல்ல. நெருப்பு நிஜமாவே பிடிச்சிருச்சு. கதவைத் திறங்க.'

படிவத்தின் அடுத்த கேள்வி: 'இவர் படத்தில் மறுபடி வருகிறாரா?'

அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. 'இல்லை' என்பதை முதல்முறையாக அவரும் உதட்டைப் பார்த்தே படித்தார்.