புது முடி

குளியலறைக் கண்ணாடி தினமும் திருமாறனின் தலையைப் படம் பிடித்துத் திட்டும். "காதுக்கு மேலே ரெண்டு பக்கமும் முடி வேர் இழுபட்டிருக்கு. யாரோ பிடிச்சு இழுக்குறாங்க. நிறுத்தச் சொல்லுங்க."

யாரோ என்ன யாரோ! மகள் இதழினிதான். அப்பா தோளில் ஏறினால் முடிதான் அவளுக்குக் கைப்பிடி.

"நீ உன் வேலையைப் பாரு" என்று கண்ணாடியை அடக்கிவிடுவான்.

சில வாரங்களாகத் திட்டாமலிருந்த அது, இன்று குஷியாகச் சொன்னது: "வாழ்த்துகள்! இழுக்குறது நின்னுபோச்சு. புது முடி வருது."

திருமாறனுக்கு என்னவோ போலிருந்தது. கூடத்துக்கு வந்து, ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் முன்னால் குனிந்து உட்கார்ந்தான்.

"என்னப்பா பண்ற?"

"ஏறுடா."

"ஐயோ, நான் நாலாங்கிளாஸ்ப்பா!"

சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தாள். ஸ்கூல் வேன் இன்னும் வரவில்லை. ஏறிக்கொண்டாள்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்றான்.