ஐந்து ஈக்கள்

பாட்டிலின் அடிமூடியைத் திருகி, உள்ளே கிடந்தவற்றைத் தரையில் கொட்டினான்.

பழ ஈக்கள். காய்ந்தவை, பாதி காய்ந்தவை, இன்னும் காலை உதைத்துக்கொண்டிருப்பவை. அறுபதுக்குக் குறையாது.

மூன்றை மட்டும் பொறுக்கித் திரும்ப உள்ளே போட்டான். ஒன்றுமே இல்லாவிட்டால் சந்தேகம் வரும்.

மீதியைச் செருப்பால் மண்ணோடு தேய்த்தான்.

பத்து மணிக்குத் தோட்டக்கலை அலுவலர் அம்மா வந்துவிடுவார்.

மாமரக் கிளையில் தொங்கும் அந்தப் பொறியை அவனுக்கு மிகவும் பிடிக்கும். ஏற்றுமதித் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே மருந்தில் ஊறிய ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். அந்த வாசனைக்கு ஆண் ஈ மட்டும் மயங்கி வரும். வந்தது வெளியே போகாது. ஆண் குறைந்தால் பெண் இடும் முட்டை பொரிக்காது. முட்டை பொரிக்காவிட்டால் பழத்தில் புழு இல்லை. புழு இல்லாத பழம்தான் விமானம் ஏறும்.

வாரம் ஒருமுறை எண்ணுவார்கள். பத்துக்கு மேல் போனால் தோட்டத்துக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

அவன் காய்ச்சல் பார்க்கும் கருவியை உதறிவிட்டிருந்தான்.

காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்பதும் அவனுக்குத் தெரியும். உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிக் குழியில் போட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் அழுகும் பழத்திலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கும். பத்து நாளில் ஈயாக மேலே வரும். குழி வெட்டவும் உதவித்தொகை வந்தது. வெட்டியாயிற்று என்று கையெழுத்துப் போட்டிருந்தான். காய் பறிக்கவே ஆள் கிடைக்காத நேரம். நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

வேலிக்கு அந்தப் பக்கத் தோட்டத்துத் திம்மராயன் குழி வெட்டினான். தினமும் கூடையோடு குனிந்து பொறுக்கினான்.

ஈக்கு வேலி தெரியாது.

அலுவலர் வந்தார். கூடவே திட்டத்தில் இருந்த எல்லாரும் வந்தார்கள். வெள்ளைத் தாளில் பாட்டிலைக் கவிழ்த்து, பென்சில் முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

ஐந்து.

அவன் வைத்தது மூன்று. மூன்று மணி நேரத்தில் இன்னும் இரண்டு வந்திருந்தன.

"ஒரு வாரத்துக்கு அஞ்சு! எல்லாரும் பாத்துக்குங்க. பொறுக்கிப் பொதைச்சா இப்படித்தான் இருக்கும்."

கை தட்டினார்கள். திம்மராயன்தான் முதலில் தட்டினான்.

கைதட்டல் வாங்கியவன் மரப்பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

திம்மராயன் தோட்டத்தில் நாற்பத்தொன்று. "இன்னொருவாட்டி எண்ணிடுங்கம்மா," என்றான். எண்ணினார். நாற்பத்தொன்றேதான். இந்த வருட ஏற்றுமதிப் பட்டியலில் திம்மராயன் பெயர்மேல் கோடு விழுந்தது. கோடு போடும்போது அலுவலர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி அவன் பழம் மாங்கூழ் ஆலைக்குத்தான் போகும்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் திம்மராயன் வேலியைத் தாண்டி வந்தான். கோபம் இல்லை. சிரிப்புக்கூட இருந்தது.

"என்னாண்ணா மாயம் பண்ற? உன் தோட்டம்னா ஈ பயப்படுது. என் தோட்டத்துக்குப் பந்திக்கு வர்ற மாதிரி வருது."

அவன் செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"நானும் தெனமும்தான் பொறுக்கறேன். குழியிலதான் தப்பு பண்றேன்னு தோணுது. ஆழம் பத்தலையோ? உன் குழிய ஒருவாட்டி காட்டுண்ணா. அளந்துட்டுப் போயிடறேன்."

கையில் அளவு நாடா வைத்திருந்தான்.

குழி பழைய மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் என்று சொல்லலாம். மூடிவிட்டேன் என்று சொல்லலாம். அளவை மட்டும் சொல்லி அனுப்பலாம். இரண்டடி. அதை நம்பித் திம்மராயன் போய் இன்னும் ஆழமாக வெட்டுவான்.

வெட்டுவான். நாளை காலையிலேயே வெட்டுவான்.

அவன் திரும்பி நடந்தான். திம்மராயன் பின்னால் வந்தான். கடைசி வரிசை வரை போனார்கள். அங்கே மரத்தடியில் பழங்கள் கிடந்தன. கறுத்து, வாய் பிளந்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

திம்மராயன் கண்ணால் குழியைத் தேடினான்.

அவன் கிளையிலிருந்து பாட்டிலைக் கழற்றினான். முந்தாநாள் அலுவலர் காலி செய்து மாட்டிய அதே பாட்டில்.

"துண்டை விரி."

திம்மராயன் தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தரையில் விரித்தான். எதற்கென்று கேட்கவில்லை. நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

அவன் அடிமூடியைத் திருகிக் கொட்டினான்.

"எண்ணு."

திம்மராயன் சுண்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினான். ஐந்து வரைக்கும் சத்தமாக எண்ணினான்.

அதற்குப் பிறகு உதடு மட்டும் அசைந்தது.